விளையாட்டு ஸ்காலர்ஷிப்பா, கல்லூரியின் நிதி உதவியா? அமெரிக்காவின் சிறிய கல்லூரிகளில் எதை எடுப்பது

பிள்ளை நீச்சலிலோ டென்னிஸிலோ மாநில அளவில் பேர் வாங்கியிருக்கிறாள், மதிப்பெண்களும் மேலே நிற்கின்றன என்றால் பெற்றோர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "ஸ்காலர்ஷிப் எவ்வளவு கிடைக்கும்?" பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அது சரியான கேள்விதான். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், போடன், ஸ்வார்த்மோர் போல இரண்டாயிரம் பேர் சுமாருக்குப் படிக்கிற, உள்ளே நுழைவதே பெரும்பாடான கல்லூரிகளிடம் அதைக் கேட்டால் வரும் பதில் ஒரே எண்: பூஜ்யம். ஆனாலும் அங்கே படிக்கும் ஒரு விளையாட்டுப் பிள்ளையின் வீட்டுச் செலவு, 'ஸ்காலர்ஷிப்பில் போயிருக்கிறாள்' என்று ஊரே பேசுகிற பிள்ளையின் வீட்டுச் செலவைவிடக் குறைவாக இருக்கலாம். என் கணக்கில், இந்தக் கல்லூரிகளில் கோச் கையில் இருப்பது பெரும்பாலும் இடம்தான். பணம் வேறு அலுவலகத்திலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்த்தால் முடிவெடுப்பது பாதி எளிதாகிவிடும்.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை நடத்தும் என்சிஏஏ, 1973 முதல் மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் நெஸ்காக் என்ற அமைப்பில் இருக்கும் பதினொரு கல்லூரிகளும் (வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், போடன், மிடில்பரி, டிரினிட்டி, டஃப்ட்ஸ் முதலானவை) இந்தப் பிரிவு. கலிஃபோர்னியாவின் பொமோனா, ஒஹையோவின் கென்யன், டெனிசன், அயோவாவின் கிரின்னல், ஏன், எம்ஐடியும் கால்டெக்கும்கூட இங்கேதான்.

டிவிஷன் 1-ல், அதாவது டிவியில் பார்க்கிற பெரிய ஆட்டங்கள் நடக்கும் பிரிவில், விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு. அங்கேயும் சில சிறிய, கடினமான கல்லூரிகள் இருக்கின்றன. வட கரோலினாவின் டேவிட்சன் கல்லூரியில் சுமார் 1,900 பேர்தான் படிக்கிறார்கள். கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி 2008-ல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது அந்தக் கல்லூரியின் சட்டையில்தான். பேட்ரியட் லீக் என்ற அமைப்பில் கோல்கேட், லஃபயெட், ஹோலி கிராஸ், பக்னெல், லீஹை இருக்கின்றன. 1986-ல் இந்த லீக் தொடங்கியபோது விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே வேண்டாம் என்பதுதான் கொள்கை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கூடைப்பந்துக்குக் கதவைத் திறந்தார்கள், 2013-ல் அமெரிக்கக் கால்பந்துக்கும் திறந்தார்கள்.

நடுவில் ஐவி லீக். ஹார்வர்டு, பிரவுன், டார்ட்மத் உள்ளிட்ட அதன் எட்டு உறுப்பினர்களும் பல்கலைக்கழகங்கள், சிறிய கல்லூரிகள் என்ற தலைப்புக்குள் சரியாக அடங்காது. ஆனால் நம் வீடுகளில் பேச்சு எப்படியும் அங்கேதான் போய் நிற்கும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: டிவிஷன் 1-ல் ஆடுகிறார்கள், விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, 1954-ல் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அப்படி. இதை எதிர்த்து பிரவுன் பல்கலைக்கழகத்தின் இரண்டு கூடைப்பந்து வீரர்கள் 2023-ல் வழக்குப் போட்டார்கள். 2024-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. மாணவ வீரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025 ஜூனில் வந்த பெரிய சமரசத் தீர்ப்பிலும் ஐவி லீக் சேரவில்லை.

'ஸ்காலர்ஷிப்' என்ற கடிதத்தில் உண்மையில் என்ன இருக்கிறது

டிவிஷன் 1 என்றாலே முழுச் செலவும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடைப்பந்து போலச் சில விளையாட்டுகளுக்கு அது பொருந்தும். நம் பிள்ளைகள் அதிகம் ஆடுகிற டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் எல்லாம் வேறு கதை. 2024-25 கல்வியாண்டு வரை எல்லாருக்கும் பொதுவாக இருந்த வரம்பைப் பாருங்கள்: ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்கும் சேர்த்து 4.5 ஸ்காலர்ஷிப், ஆண்கள் நீச்சல் அணிக்கு 9.9. நீச்சல் அணியில் இருபத்தைந்து, முப்பது பேர் இருப்பார்கள். அந்த 9.9-ஐ கோச் கூறு போட்டுக் கொடுப்பார். ஒருவனுக்கு அறுபது விழுக்காடு, இன்னொருத்தனுக்குப் பத்து, ஐந்தாறு பேருக்குப் புத்தகக் காசு. 2025 தீர்ப்புக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு மட்டும் வந்திருக்கிறது. அதற்காகச் சிறிய கல்லூரியில் பணம் கொட்டப்போவதில்லை. அங்கே கையைக் கட்டிப்போட்டது எப்போதும் விதியைவிட பட்ஜெட்தான்.

ஒரே கல்லூரிக்குள்ளேயே விளையாட்டுக்கு விளையாட்டு நிலைமை மாறும் என்பதையும் கவனியுங்கள். டேவிட்சன் கூடைப்பந்துக்கு ஸ்காலர்ஷிப் தருகிறது. அதே டேவிட்சனின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடுவது ஸ்காலர்ஷிப் இல்லாத லீக்கில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இதற்கு நேர் எதிர்: மற்ற எல்லாம் டிவிஷன் 3, லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் ஆட்டம்) மட்டும் டிவிஷன் 1, அதற்கு ஸ்காலர்ஷிப்பும் உண்டு. பழைய வழக்கம் என்று சில கல்லூரிகளுக்குக் கொடுத்த விலக்கு அது. ஆகவே "அந்தக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் உண்டா?" என்று கேட்காமல், "இந்த ஆட்டத்துக்கு, இந்த வருடம், எத்தனை பேருக்கு, எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். கோச் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்குத் தினமும் வரும் கேள்விதான்.

இன்னொன்று, அந்தக் கடிதம் எத்தனை வருடத்துக்கு? பல வருடத்துக்கும் எழுதிக் கொடுக்கலாம் என்று 2012 முதல் விதி இருக்கிறது. ஆனாலும் ஓராண்டுக் கடிதங்கள் ஒழிந்துவிடவில்லை. வருடத்தின் நடுவில் பிள்ளைக்கு முழங்கால் போனால் அந்த வருடப் பணத்தைப் பிடுங்க முடியாது. அடுத்த வருடம் என்ன ஆகும் என்பதைக் கடிதத்தின் வாசகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கவில்லை என்றால் ஜூலை 1-க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். ஆனால் பிள்ளையாகவே 'போதும், இனி ஆடவில்லை' என்று நின்றுவிட்டால் பெரும்பாலும் பணமும் நின்றுவிடும்.

டிவிஷன் 3-ல் பணம் வரும் வழி

ஸ்காலர்ஷிப் இல்லை என்றால் பணமே இல்லை என்று பொருளில்லை. டிவிஷன் 3-ல் ஆடும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஏதோ ஒரு உதவி வாங்குகிறார்கள். அது இரண்டு வகை.

முதல் வகை, குடும்பத்தின் தேவைக்கேற்ற உதவி. கல்லூரி உங்கள் வருமானம், சொத்து, எத்தனை பிள்ளைகள் எல்லாம் பார்த்து, 'உங்களால் வருடத்துக்கு இவ்வளவு கட்ட முடியும்' என்று ஒரு தொகையைச் சொல்லும். பணக்காரக் கல்லூரிகள் மீதி முழுவதையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. வில்லியம்ஸ் 2022-ல் ஒரு படி மேலே போய், உதவித் தொகுப்பிலிருந்து கடனையும் வளாக வேலையையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மானியமாகவே தருகிறது. டேவிட்சன் 2007-லேயே கடனை நீக்கிவிட்டது.

இந்த உதவியில் கோச்சுக்கு எந்தக் கையும் இல்லை. டிவிஷன் 3 கல்லூரிகள், ஆடுகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு மானியம் போனது, ஆடாதவர்களுக்கு எவ்வளவு போனது என்று வருடா வருடம் என்சிஏஏவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆடுகிறவர்கள் பக்கம் தராசு சாய்ந்திருந்தால் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் ஒரு டிவிஷன் 3 கோச் "நான் பேசி உங்களுக்கு இன்னும் பத்தாயிரம் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால், ஒன்று அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இரண்டாவது வகை, படிப்புக்கான மெரிட் உதவி. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை இதைத் தருவதே இல்லை. கென்யன், டெனிசன், கிரின்னல் தருகின்றன. கென்யன் ஆண்கள் நீச்சல் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 முறை டிவிஷன் 3 சாம்பியன். 2011-ல் அந்த ஓட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் நிறுத்தியது பக்கத்து டெனிசன். விளையாட்டுக்கு ஒரு பைசா கொடுக்காத இடத்தில் நீச்சல் இந்தத் தரத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தில் ஜான்சன் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் சுமார் பத்து விழுக்காட்டினருக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. அதுவும் டிவிஷன் 3-தான்.

இரண்டு வீடுகள், ஒரு கணக்கு

எண்கள் இல்லாமல் இதைப் பேசிப் பயனில்லை. இந்தக் கல்லூரிகளில் வருடச் செலவு இப்போது 85 ஆயிரத்திலிருந்து 95 ஆயிரம் டாலர் வரை. 90 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். கோச் தருவதாகச் சொல்வது 40 விழுக்காடு, அதாவது 36 ஆயிரம்.

முதல் வீடு: அப்பா மட்டும் வேலை பார்க்கிறார், இரண்டு பிள்ளைகள். கல்லூரியின் கணக்குப்படி இவர்களால் 28 ஆயிரம் கட்ட முடியும் என்று வையுங்கள். தேவை முழுவதையும் ஈடு செய்யும் டிவிஷன் 3 கல்லூரியில் பில் 28 ஆயிரம். தேவையை முழுதாக ஈடு செய்யாத டிவிஷன் 1 கல்லூரியில் 40 விழுக்காடு ஸ்காலர்ஷிப் வாங்கினால் 54 ஆயிரம், அதன் மேல் கல்லூரி ஏதாவது போட்டால் கொஞ்சம் குறையும். டேவிட்சன் போல டிவிஷன் 1-ல் இருந்துகொண்டே தேவையையும் முழுதாக ஈடு செய்யும் கல்லூரியாக இருந்தால்? பில் அதே 28 ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். முன்பு மானியமாக வந்திருக்கக்கூடிய 36 ஆயிரம் இப்போது ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வருகிறது. ஒரு சட்டைப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு காசு லாபமில்லை, பிள்ளை மட்டும் கோச்சுக்குக் கட்டுப்பட்டுவிட்டாள்.

இரண்டாவது வீடு: கணவன், மனைவி இருவரும் ஐடி. கையில் வருகிற சம்பளம் பெரிது, அதில் வீட்டுக் கடனும் வரியும் போக மிஞ்சுவது சிறிது. கல்லூரியின் கண்ணுக்கு இவர்கள் முழுக் கட்டணக் குடும்பம். டிவிஷன் 3-ல் மெரிட் தராத கல்லூரி என்றால் 90 ஆயிரம். டிவிஷன் 1-ல் அந்த 40 விழுக்காட்டோடு 54 ஆயிரம். நான்கு வருடத்தில் வித்தியாசம் 1,44,000 டாலர். இந்த வீட்டுக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்மையான பணம். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் பல இந்த இரண்டாவது வீட்டு வகைதான், அதனால் 'டிவிஷன் 3-தான் உயர்ந்தது' என்று மொத்தமாகச் சொல்லிவிட எனக்கு மனம் வராது. இவர்கள் பேட்ரியட் லீக்கையும் கென்யன், டெனிசன் போன்ற மெரிட் தரும் கல்லூரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மெரிட் தொகை சிறியதாக இருந்தாலும், மதிப்பெண்ணைக் காப்பாற்றினால் போதும். முழங்காலைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

எந்த வீடு நீங்கள் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் செலவுக் கணிப்பான் வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் சட்டம் இருக்கிறது. அரை மணி நேர வேலை. அதை நிரப்பும்போது ஊரில் இருக்கும் மனை, சென்னையில் வாடகைக்கு விட்ட ஃபிளாட் எல்லாம் நினைவுக்கு வர வேண்டும். இந்தக் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் படிவத்தில் குடியிருக்கும் வீடு தவிர வேறு அசையாச் சொத்து உண்டா என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. வெளிநாட்டில் இருப்பது கணக்கில் வராது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது வரும்.

அப்படியானால் கோச் எதற்கு?

இடத்துக்கு. பணத்தைவிட இது பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். ஹார்வர்டு மாணவர் சேர்க்கை வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டுப் பிள்ளைகளில் 86 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களுக்கு அங்கே கிடைப்பது ஒற்றை இலக்க விழுக்காடு. 2019-ல் வெடித்த சேர்க்கை மோசடியில் பணக்காரப் பெற்றோர் கோச்சுகளுக்கு லஞ்சம் கொடுத்து ஆடவே தெரியாத பிள்ளைகளை ஆட்டக்காரர்கள் என்று காட்டினார்களே, அவர்கள் துரத்தியது ஸ்காலர்ஷிப்பை அல்ல, இந்த இடத்தைத்தான்.

நெஸ்காக் கல்லூரிகளில் இது நடக்கும் விதம்: பதினொன்றாம் வகுப்பு முடிந்து ஜூலை 1 ஆனதும் கோச் உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை வாங்கி சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே ஒருவர் படித்துவிட்டு, 'வரலாம்', 'சந்தேகம்', 'வேண்டாம்' என்கிற தொனியில் பதில் சொல்வார். இதற்குப் பெயர் ப்ரீ-ரீட். நல்ல பதில் வந்து, கோச்சும் தன் பட்டியலில் இடம் கொடுத்தால், நவம்பரில் எர்லி டெசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும் என்ற உறுதிமொழி அது. ஐவி லீக்கில் அக்டோபர் 1 முதல் 'உங்களுக்கு இடம் கிடைக்கும்' என்று முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்புவார்கள். நெஸ்காக்கில் அந்தக் கடிதம் இல்லை, கோச்சின் வாய்ச்சொல்லை நம்பித்தான் போக வேண்டும். எல்லா இடத்திலும் கோச்சின் சொல்லுக்கு இந்த எடை கிடையாது. கால்டெக்கில் நெடுங்காலம் அது எடுபட்டதில்லை. அவர்களுடைய கூடைப்பந்து அணி தன் லீக்கில் 310 ஆட்டம் தொடர்ந்து தோற்று, 2011 பிப்ரவரியில் ஒரு புள்ளியில் ஜெயித்தபோது அது தேசியச் செய்தி.

ஆட்டம் நின்றுபோனால்

இரண்டு பக்கத்தையும் ஒப்பிடும்போது பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. பதினெட்டு வயதில் 'உயிர்' என்று ஆடுகிற பிள்ளை இருபது வயதில் ஆய்வகமே போதும் என்று சொல்லலாம். காயம் வரலாம். புதிய கோச் வந்து, பழைய கோச் கொண்டுவந்தவர்களை ஓரம் கட்டலாம். அணியே காணாமல் போகலாம்: 2020-ல் பிரவுன் பல்கலைக்கழகம் ஸ்குவாஷ் உட்பட 11 அணிகளைக் கலைப்பதாக அறிவித்து, பிறகு சிலவற்றை மட்டும் திருப்பிக் கொடுத்தது, டார்ட்மத் ஐந்து அணிகளைக் கலைத்துவிட்டு அடுத்த ஜனவரியில் திருப்பிக் கொடுத்தது. தேவைக்கேற்ற உதவியில் படிக்கிறவள் அன்று மாலை பயிற்சிக்குப் போகாமல் அறைக்குப் போகலாம், பில் மாறாது. ஸ்காலர்ஷிப்பில் இருக்கிறவள் முதலில் அப்பாவுக்குப் போன் போட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு சொல். டிவிஷன் 1-ல் சீசனின்போது வாரத்துக்கு 20 மணி நேரம் பயிற்சி என்று வரம்பு. பயண நேரமும் காயத்துக்கான சிகிச்சையும் அதில் சேராது. டேவிட்சன் இருக்கும் லீக்கில் வட கரோலினாவிலிருந்து ரோட் ஐலண்டுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் போக வேண்டும். நெஸ்காக்கில் பெரும்பாலும் பஸ், பெரும்பாலும் வார இறுதி. வேதியியல் ஆய்வகம் மதியம், பயிற்சியும் மதியம் என்ற மோதல் மட்டும் இரண்டு இடத்திலும் உண்டு. அதை கோச்சிடம் கேட்காமல், அதே பாடம் படித்துக்கொண்டு அணியில் இருக்கும் மூன்றாம் வருடப் பிள்ளையிடம் கேளுங்கள்.

சென்னையிலிருந்து விண்ணப்பித்தால்

இது தனிக் கணக்கு. ஸ்குவாஷில் இந்தப் பாதை நன்றாகவே மிதிபட்டிருக்கிறது. சேலத்துக்காரரான வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, ஆடியவர். கல்லூரி ஸ்குவாஷ் என்சிஏஏவின் கீழ் வராது, அதற்குத் தனிச் சங்கம். ஆனால் ஐவி, நெஸ்காக் கல்லூரிகள் அங்கேயும் தங்கள் விதியையே வைத்துக்கொள்கின்றன. கனெக்டிகட்டின் டிரினிட்டி கல்லூரி 1998-லிருந்து 2012 வரை தொடர்ந்து 252 ஆட்டங்கள் ஜெயித்தது, அணியில் பாதிக்கு மேல் உலகின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். விளையாட்டு ஸ்காலர்ஷிப் ஒன்றுகூட இல்லாமல், தேவைக்கேற்ற உதவியை வைத்தே அந்த அணி கட்டப்பட்டது.

வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பெரிய தடை, உதவி கேட்பதே சேர்க்கைக்கு எதிராக எண்ணப்படும் என்பது. வில்லியம்ஸ்கூட வெளிநாட்டினர் விஷயத்தில் குடும்பத்தின் பணத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அப்படிப் பார்க்காத சில இடங்களில் ஆம்ஹெர்ஸ்ட், போடன், டார்ட்மத் உண்டு. பணம் பார்க்கிற கல்லூரியில் கோச்சின் ஆதரவு இரட்டிப்பு மதிப்புள்ளது. அவர் உதவித்தொகையைக் கூட்ட முடியாது, ஆனால் உதவி கேட்கும் பத்து விண்ணப்பங்களில் உங்களுடையதை மேலே எடுத்து வைக்கச் சொல்ல முடியும்.

வரியையும் சொல்லிவிட வேண்டும், இது யாரும் சொல்லாமல் விடுகிற செலவு. ஸ்காலர்ஷிப்போ மானியமோ, கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போகிற பகுதிக்கு வரி கிடையாது. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகிற பகுதிக்கு உண்டு. எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்குக் கல்லூரி அந்தப் பகுதியில் 14 விழுக்காட்டை முன்னதாகவே பிடித்துக் கட்டிவிடும். இந்திய மாணவருக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் ஒரு சலுகை இருக்கிறது: அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம். வருட முடிவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்ததில் நல்ல பகுதி திரும்பி வரும். முழு உதவியில் போகிற பிள்ளைக்கு முதல் வருடம் திடீரென்று ஆயிரம் இரண்டாயிரம் டாலர் பில் வந்தால் காரணம் இதுதான், பயப்பட வேண்டாம், கையில் கொஞ்சம் வைத்திருங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியது: ஜூலையில் ப்ரீ-ரீட் கேட்கும்போதே நிதி அலுவலகத்தின் முன் மதிப்பீட்டையும் கேளுங்கள். பல கல்லூரிகள் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து தருகின்றன. டிவிஷன் 1 கோச் தொகை சொன்னால், எத்தனை வருடத்துக்கு என்பதையும் காயம் பற்றிய வாசகத்தையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு தாளும் மேசைக்கு வருவதற்கு முன் எர்லி டெசிஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட பிறகு, கல்லூரி தந்த உதவி உண்மையிலேயே போதாது என்றால் விலகிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் டிசம்பர் பாதியில் விலகிவிட்டு இன்னொரு கோச்சைக் கூப்பிட்டால், அவர் பட்டியல் எப்போதோ நிரம்பியிருக்கும்.